படம் வந்துவிட்டது, சாவி வரவில்லை: தியேட்டர்காரர்கள் சொல்லும் கே.டி.எம். என்ன?

நெல்லை வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நடிகர் படம், முதல் நாள், காலை 9 மணிக் காட்சி. கட்அவுட்டுக்கு மாலை போட்டு, பால் ஊற்றி, சரவெடி கொளுத்தி, கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தும் ஆயிற்று. திரையில் நகைக்கடை விளம்பரம். அப்புறம் ஜவுளிக்கடை. அப்புறம் புகையிலை எச்சரிக்கை. மறுபடியும் அதே நகைக்கடை. 9.40க்குப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏல, கே.டி.எம். வரலையாம்ல!”

வீட்டில் பெரியவர்களுக்குக் கே.டி.எம். என்றால் காட்மியம் வைத்துப் பற்றவைத்த நகை. பேரன்களுக்கு ஆரஞ்சு நிற பைக். தமிழில் எழுதும்போது மூன்றுக்கும் ஒரே எழுத்துகள்தான். தியேட்டரில் சொல்லப்படும் கே.டி.எம். என்பது ‘கீ டெலிவரி மெசேஜ்’, அதாவது படத்தைத் திறக்கும் சாவியைச் சுமந்து வரும் ஒரு சின்னக் கோப்பு. மறுநாள் செய்திகளில் இதைத் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் கோளாறு எதுவும் இருப்பதில்லை. ‘திறக்காதே’ என்று சொல்லி வைக்கப்பட்ட இயந்திரம் திறக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது, ஏன் கடைசி ராத்திரி வரை அங்கேயே இருக்கிறது என்பதுதான் விஷயம். அதற்குமுன் பூட்டைப் பார்க்க வேண்டும்.

பெட்டி இருந்த காலம்

35 எம்.எம். பிலிம் காலத்தில் படம் என்பது தூக்கிச் சுமக்கிற சரக்கு. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி பிலிம் போகும். 1,000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, கிட்டத்தட்ட 14 ரீல். இவற்றைத் தகரப் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். ‘பெட்டி வந்துருச்சா?’ என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, ஊர்வலமாகத் தியேட்டருக்கு எடுத்துப்போன காலம் அது.

வியாபாரத்தில் நம் பக்கம் ‘டி.கே. ஏரியா’. திருநெல்வேலி, கன்னியாகுமரி என்ற இரண்டு பெயர்களின் முதலெழுத்து. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது, 2019இல் தென்காசியும் பிரிந்தது. சினிமாக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் எல்லாம் இன்னும் டி.கே.தான்.

பிரிண்ட் போடச் செலவு அதிகம் என்பதால் ஏரியாவுக்கு எண்ணி எண்ணித்தான் பிரிண்ட் வரும். நெல்லையிலும் நாகர்கோவிலிலும் ஓடித் தேய்ந்த பிறகுதான் அது அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று கீழே இறங்கும். கீறலும் கோடும் விழுந்த பிரிண்டைத்தான் ‘சி சென்டர்’ எனப்படும் சின்ன ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. அதற்கு ‘ஷிஃப்டிங்’ என்று பெயர். இங்கே ஓடி முடிந்த ரீலை ஒருவர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அங்கே மிதிப்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே இடைவேளை கொஞ்சம் நீளும்.

அன்றைக்குப் பூட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. பெட்டி கையில் கிடைத்தவர் படத்தை ஓட்டலாம். ஆகவே பணம் கொடுத்தவர்கள் பெட்டி கிளம்பும் இடத்திலேயே காவல் வைத்தார்கள். பிரிண்ட் போடும் லேபில், ‘இன்னாருடைய பாக்கி தீர்ந்தது, பிரிண்ட் கொடுக்கலாம்’ என்று கடிதம் வந்தால்தான் சரக்கு வெளியே வரும். அதுதான் ‘லேப் லெட்டர்’. இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போதைய பெட்டியில் என்ன இருக்கிறது?

2002இல் ஏழு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி டி.சி.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கின. தியேட்டரில் டிஜிட்டலாகப் படம் போடுவது எப்படி இருக்க வேண்டும் என்று 2005இல் அது ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன்படி கட்டப்படும் படத்தொகுப்புக்கு டி.சி.பி., ‘டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்’, என்று பெயர்.

வீட்டில் பார்க்கும் வீடியோவும் இதுவும் ஒரே சாதியல்ல. ஓ.டி.டி.யில் வரும் வீடியோ, முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தும். டி.சி.பி.யில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்ட முழுப்படம். 2கே என்றால் 2048க்கு 1080 புள்ளிகள், 4கே என்றால் 4096க்கு 2160. ஒலி சுருக்கப்படுவதே இல்லை. விநாடிக்கு 250 மெகாபிட் என்பது உச்ச வரம்பு. அந்த வரம்பை முழுக்கத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்கு 112 ஜிபி ஆகும். இரண்டரை மணி நேரப் படம் 280 ஜிபியைத் தொடும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது விநாடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம்தான். இதை வைத்து வித்தியாசத்தை யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கை: பிலிம் போய்விட்டாலும் ‘ரீல்’ போகவில்லை. டி.சி.பி.க்குள்ளும் படம் ரீல் ரீலாகத்தான் வெட்டி வைக்கப்பட்டிருக்கும்.

இந்தியாவில் எல்லாத் தியேட்டரும் டி.சி.ஐ. தரத்தில் இல்லை. விலை குறைந்த புரொஜெக்டர்களில், எம்பெக் வகைச் சுருக்கத்தில் ஓடும் ‘இ-சினிமா’ திரைகளும் நிறைய. சென்னையில் தொடங்கிய கியூப், மும்பையின் யூ.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்கள் இதைச் சின்ன ஊர்கள் வரை கொண்டுவந்தன. நம் பக்கம் ‘கியூப்ல படம் போடுதாங்க’ என்றே பேச்சு வந்துவிட்டது. கருவி எதுவானாலும் பூட்டும் சாவியும் என்கிற ஏற்பாடு பொதுதான். கீழே வரும் நுட்ப விவரங்கள் டி.சி.ஐ. முறைக்கு உரியவை.

படம் தியேட்டருக்கு வருவது ஹார்ட் டிஸ்க்காக கூரியரில், அல்லது சாட்டிலைட் வழியாக, அல்லது இணையத்தில். வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே வந்து, தியேட்டர் சர்வரில் ஏற்றப்பட்டுவிடும். இதை ‘இன்ஜெஸ்ட்’ என்பார்கள். ஏற்றும்போதே ஒவ்வொரு கோப்பும் சிதையாமல் வந்திருக்கிறதா என்று சர்வர் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். ஆக, வெள்ளிக்கிழமை காலையில் ‘படம் இன்னும் வரல’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதன்கிழமையே வந்து, மேலே ஆபரேட்டர் ரூமில் பூட்டிய நிலையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

உண்டியல் கணக்கு

பூட்டு இரண்டு அடுக்கு.

1. படத்தின் ஒவ்வொரு ரீலும் ஏ.இ.எஸ். என்ற முறையில், 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண்ணால் பூட்டப்படுகிறது. ஒவ்வொரு ரீலிலும் காட்சிக்கு ஓர் எண், ஒலிக்கு வேறோர் எண். ஆறு ரீல் படம் என்றால் 12 எண்கள். ஒவ்வொன்றும் வெறும் 16 பைட். எல்லாத் தியேட்டருக்கும் போகும் படம் ஒன்றே, எண்களும் ஒன்றே.

2. இந்த 12 எண்களை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால் விடிவதற்குள் ஊரெல்லாம் படம் ஓடும். எனவே எண்களைத் தியேட்டர்வாரியாக இன்னொரு பூட்டுக்குள் வைக்க வேண்டும். இங்கேதான் ஆர்.எஸ்.ஏ. என்ற பொதுச்சாவி முறை வருகிறது.

பொதுச்சாவி என்றால் என்ன என்று பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கும். நெல்லையப்பர் கோயில் உண்டியலைப் பார்த்தால் போதும். காசு போட யாருக்கும் அனுமதி உண்டு, வாய் திறந்தே இருக்கிறது. போட்ட காசைப் போட்டவராலேயே திருப்பி எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் பூட்டைத் திறக்கும் சாவி வேண்டும், அது வேறு கையில் இருக்கிறது.

ஒவ்வொரு தியேட்டரின் சர்வருக்குள்ளும் ‘மீடியா பிளாக்’ என்று ஒரு பலகை உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்கென்று ஓர் உண்டியல் அமைக்கப்பட்டுவிடும். போடும் வாய், அதாவது பொதுச்சாவி, ஒரு சான்றிதழாக வெளியே கொடுக்கப்படும். திறக்கும் சாவி அந்தப் பலகையின் சிப்புக்குள்ளேயே இருக்கும். தியேட்டர் முதலாளிக்கும் தெரியாது, ஆபரேட்டருக்கும் தெரியாது, வெளியே எடுக்க வழியும் கிடையாது. பலகையைப் பிரித்துப் பார்க்க முயன்றால் சாவி தானே அழிந்துவிடும். உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போனாலும் அதே கதிதான்.

படக்காரர் தரப்பு, அந்த 12 எண்களையும் இன்ன தியேட்டரின் இன்ன திரையின் உண்டியலில் போட்டு அனுப்புகிறது. இப்படி எண்கள் போடப்பட்ட கோப்புதான் கே.டி.எம். நூறு திரை என்றால் நூறு கே.டி.எம். ஒரு திரைக்கு வந்தது அடுத்த திரைக்கு ஆகாது. ஒரே காம்ப்ளெக்ஸில் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் இருக்கும் திரை என்றாலும்கூட. சைக்கிள் கேரியரில் ரீல் போன காலத்து ஷிஃப்டிங் இதோடு முடிந்தது. படத்தைக் காப்பி எடுத்துக் கொடுக்கத் தடையில்லை, ஆனால் காப்பியால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

சாவிக் கோப்பைத் திறந்து பார்த்தால்

கே.டி.எம். கோப்பு எக்ஸ்.எம்.எல். வடிவத்தில் இருக்கும், சில கிலோபைட்தான். தியேட்டருக்கு மின்னஞ்சலில் வரும். ஆபரேட்டர் பென் டிரைவில் ஏற்றி சர்வரில் செருகுவார், அல்லது நெட்வொர்க் வழியே நேராகப் போய்விடும். நோட்பேடில் திறந்தால் பாதிக்கு மேல் சாதாரணமாகவே வாசிக்க முடியும்.

மேலே படத்தின் பெயர். எந்த மொழி, திரை வடிவம் ஸ்கோப்பா ஃபிளாட்டா, 5.1 ஒலியா, 2கேயா 4கேயா என்ற விவரமெல்லாம் சுருக்கெழுத்தில் அந்தப் பெயருக்குள்ளேயே அடுக்கியிருக்கும். அதற்குக் கீழே எந்த மீடியா பிளாக்குக்கு என்ற அடையாளம். அதற்கும் கீழே இரண்டு வரிகள். முதல் வரியில் இந்தத் தேதி, இந்த மணிக்கு முன் செல்லாது. அடுத்ததில் இந்தத் தேதி, இந்த மணிக்குப் பின் செல்லாது. கூடவே ‘+05:30’ என்று நம் நாட்டு நேரக் குறிப்பு. பிறகு வாசிக்க முடியாத எழுத்துக் குவியல், பத்தி பத்தியாக. அதுதான் உண்டியலில் போட்ட எண்கள். கடைசியில், அனுப்பியவரின் டிஜிட்டல் கையெழுத்து. தேதியில் ஓர் இலக்கத்தை மாற்றிச் சேமித்தாலும் கையெழுத்து பொருந்தாமல் சர்வர் கோப்பையே தூக்கிப் போட்டுவிடும்.

‘அப்ப சர்வர் கடிகாரத்தைத் திருப்பி வச்சா?’ என்று கேட்கத் தோன்றும். அதையும் யோசித்திருக்கிறார்கள். மீடியா பிளாக்குக்குள் தனிக் கடிகாரம் இருக்கிறது. ஒரு வருடத்தில் மொத்தம் 6 நிமிடத்துக்கு மேல் அதைத் திருத்த முடியாது.

வெளியீட்டு நேரத்தில் ‘சாவி லீக் ஆயிருச்சு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு சுற்றினால் சிரித்துவிட்டுப் போகலாம். வேறொரு தியேட்டரின் கே.டி.எம். உங்களுக்குக் கிடைப்பது, அடுத்த ஊர்க் கோயில் உண்டியலைப் பூட்டோடு படம் பிடித்து அனுப்பியது போலத்தான்.

காட்சி ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது

விளம்பரமும் டிரெய்லரும் ஓடுகின்றன, படம் மட்டும் வரவில்லை என்றால் புரொஜெக்டரில் கோளாறு இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். விளம்பரங்கள் பொதுவாகப் பூட்டப்படாதவை. அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது எத்தனை இடத்தில் நின்றிருக்கிறது என்பதை.

1. ஒரே ஒரு திரையில் மட்டும் என்றால் இயந்திரமோ எழுத்தரோ காரணம். சர்வர் பழுதாகி மீடியா பிளாக்கை மாற்றியிருப்பார்கள். புதிய பலகைக்குப் புதிய உண்டியல். பழைய சான்றிதழை வைத்தே சாவி போட்டு அனுப்பியிருந்தால் திறக்காது. புரொஜெக்டருக்கும் மீடியா பிளாக்குக்கும் உள்ள பிணைப்பை இந்தத் துறையில் ‘மேரேஜ்’ என்றே சொல்கிறார்கள். கழற்றி மாட்டினால் கல்யாணம் முறிந்துவிடும். ஆபரேட்டர் நேரில் போய்ப் பொத்தானை அழுத்திச் சேர்த்துவைத்தால்தான் பூட்டிய படம் ஓடும்.

2. ஒரு தியேட்டரின் எல்லாத் திரையிலும் நின்று, மற்ற தியேட்டர்களில் ஓடினால், அந்தத் தியேட்டருக்கும் விநியோகஸ்தருக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. பழைய படத்தின் பங்குத்தொகை பாக்கி, இந்தப் படத்துக்கு ஒப்புக்கொண்ட அட்வான்ஸ் வந்து சேராதது, இந்த மாதிரி.

3. டி.கே. ஏரியா முழுக்க நின்று மதுரையில் ஓடினால் ஏரியா விநியோகஸ்தர் தயாரிப்பாளருக்குக் கட்ட வேண்டியது கட்டப்படவில்லை என்று ஊகிக்கலாம்.

4. கன்னியாகுமரி முதல் சென்னை வரை எங்குமே ஓடவில்லை என்றால் தயாரிப்பாளரின் கடனோ, நீதிமன்ற உத்தரவோ.

படம் பாதியில் நின்றால் சாவி காலாவதியாகிவிட்டது என்று சொல்வதை நம்ப வேண்டியதில்லை. கெடு முடியும் முன் தொடங்கிய காட்சி, கெடு தாண்டியும் 6 மணி நேரம் வரை ஓட விதியில் இடம் உண்டு. பாதியில் நிற்பதற்குக் கரன்ட் போன்ற வழக்கமான காரணங்கள் போதும்.

கடைசி ராத்திரிப் பஞ்சாயத்து

நான்காவது வகைதான் செய்தியாகிறது. தமிழ்ப் படங்களுக்கான பணத்தில் பெரும்பங்கு தனியார் ஃபைனான்சியர்களிடமிருந்து வட்டிக்கு வருகிறது. வீடு கட்டக் கடன் வாங்கினால் பத்திரத்தை வைக்கலாம். படத்துக்கு எதை வைப்பது? படத்தின் உரிமையைத்தான். ஆனால் படம் வெளியாகி ஒரு வாரம் ஓடிவிட்டால் அந்த உரிமையின் மதிப்பில் பெரும்பகுதி வசூலாகிக் கைமாறிவிடும். கடன் கொடுத்தவருக்குப் பிடி இருப்பது வெளியீட்டுக்கு முந்தைய நிமிடம் வரைதான். அதற்கு முன் கேட்டால் தயாரிப்பாளரிடம் பணம் இருக்காது. பின் கேட்டால் பேச்சே இருக்காது.

அதனால் எல்லாப் பாக்கிகளும் ஒரே ராத்திரியில் வந்து நிற்கின்றன. இந்தப் படத்துக்கு வாங்கியது மட்டுமில்லை, முந்தைய படம் தோற்றதில் மிச்சமிருந்த கடனும். விநியோகஸ்தர்கள் தர வேண்டிய கடைசித் தவணை வந்தால்தான் தயாரிப்பாளரால் ஃபைனான்சியருக்குக் கொடுக்க முடியும். தியேட்டர்கள் அட்வான்ஸ் தந்தால்தான் விநியோகஸ்தருக்கு அந்தத் தவணை. சங்கிலியில் ஒரு கண்ணி தடுக்கினாலும் விடிய விடியப் பேச்சுவார்த்தைதான். பேச்சு முடிந்து, டிஜிட்டல் சேவை நிறுவனத்துக்கு ‘தடையில்லை’ என்று தகவல் போன பிறகுதான் சாவிகள் கிளம்பும். லேப் லெட்டர் செய்த வேலையைத்தான் இன்றைக்குக் கே.டி.எம். செய்கிறது. அன்று பெட்டி ரயிலேற வேண்டும், அதனால் பஞ்சாயத்து இரண்டு நாள் முன்னால் முடிந்தாக வேண்டும். இன்று சில கிலோபைட் மின்னஞ்சல், 8.55க்குக்கூட அனுப்பலாம் என்பதால் பேச்சும் 8.55 வரை இழுக்கிறது. வசதி கூடியதால் வந்த வினை என்றுதான் சொல்ல வேண்டும்.

2025 மார்ச் 27 அன்று ‘வீர தீர சூரன்’ படத்தின் காலைக் காட்சிகள் நடக்கவில்லை. பணம் போட்ட நிறுவனம் ஒன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் இடைக்காலத் தடை வந்திருந்தது. அன்று மாலைதான் படம் திரைக்கு வந்தது. பெட்டிக் காலத்தில் ஊரூராகப் போய்ச்சேர்ந்த பிரிண்டுகளைத் தில்லியிலிருந்து ஓர் உத்தரவால் உடனே நிறுத்துவது பெரும்பாடு. தடை நீங்கிய சாயங்காலமே எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தொடங்குவது அதைவிடப் பெரும்பாடு.

இந்தச் சாவி ஏற்பாட்டுக்கு ஒரு கட்டணமும் உண்டு. வி.பி.எஃப்., ‘விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ’. பிலிம் பிரிண்ட் போடும் செலவு தயாரிப்பாளருக்கு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தந்தால் அதைக் கொண்டு தியேட்டரின் புரொஜெக்டர் செலவை ஈடுகட்டலாம் என்ற கணக்கில் வந்தது. கருவியின் விலை எப்போதோ தேறியிருக்குமே, இன்னும் ஏன் கட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். 2018 மார்ச் 1 முதல் ஏறக்குறைய ஏழு வாரம் புதுத் தமிழ்ப் படங்களே வெளியாகாமல் போனதற்கு இந்தச் சண்டை முக்கியக் காரணம். அந்தக் கோடை விடுமுறையின் தொடக்கத்தில் பழைய படங்களையும் பிறமொழிப் படங்களையும் வைத்துத்தான் தியேட்டர்கள் ஒப்பேற்றின.

மலைக்கு அந்தப் பக்கம் நாலு மணி

சாவியில் நேரம் எழுதியிருப்பதால் வரும் விளைவைத் தென்காசிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 2023 அக்டோபர் 19இல் ‘லியோ’ வெளியானபோது தமிழ்நாட்டில் முதல் காட்சிக்கு அரசு அனுமதித்த நேரம் காலை 9 மணி. கேரளத்தில் 4 மணிக்கே தொடங்கியது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டிப் புனலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ராத்திரியே பைக் எடுத்தால் இங்கே தியேட்டர் கதவு திறக்கும் முன் படம் பார்த்து முடித்து, பொரோட்டாவும் தின்றுவிடலாம்.

படம் ஒன்று, மொழி ஒன்று, நடுவில் ஒரு மலை. ஒவ்வொரு திரைக்கும் தனிச் சாவி என்பதால் இந்தப் பக்கத்துத் திரைக்கு 9 மணி, அந்தப் பக்கத்துத் திரைக்கு 4 மணி என்று தனித்தனியே எழுதி அனுப்ப முடிகிறது. அரசு உத்தரவைத் தியேட்டர்காரர் மதிக்கிறாரா என்று போய்ப் பார்க்கவும் வேண்டாம். சாவியில் 9 மணி என்று போட்டுவிட்டால் 8.59க்குத் திறக்காது. நல்லதும் இதே வழியில்தான் வந்தது. சென்னையில் வெளியாகும் அதே காலை, அதே தெளிவில், வள்ளியூரிலும் சங்கரன்கோவிலிலும் படம் ஓடுகிறது. ஐம்பதாவது நாள் பிரிண்ட் என்ற பேச்சே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

இவ்வளவு பூட்டு இருந்தும் தியேட்டர் பிரிண்ட் எப்படி?

பூட்டை யாரும் உடைப்பதில்லை. திரையில் ஓடுவதை கேமராவில் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கும் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். மீடியா பிளாக் படத்தைத் திறந்து புரொஜெக்டருக்குக் கொடுக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தைப் படத்திலும் ஒலியிலும் பதித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு 5 நிமிடத் துண்டிலும் 35 பிட் தகவல். அதில் 19 பிட் எந்த இயந்திரம் என்பதற்கு. 5 லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்களைப் பிரித்துச் சொல்ல இது போதும். மீதி 16 பிட் நேரத்துக்கு. கால் மணிக்கு ஒரு குறி என்று வைத்தால் நாளுக்கு 96, வருடத்துக்கு 366 நாள் கணக்கில் 35,136 குறிகள். 16 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும். செல்போனில் கோணலாகப் பிடித்து, சுருக்கி, டெலிகிராமில் போட்ட பிறகும் இந்த அடையாளத்தை மீட்டு, இன்ன திரை, இன்ன நாள், இன்ன காட்சி என்று சொல்லிவிட முடியும்.

2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி இதற்குக் குறைந்தது 3 மாதச் சிறை, 3 லட்ச ரூபாய் அபராதம். அதிகபட்சம் 3 ஆண்டு, அபராதம் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். பிடித்தவர் அகப்படாவிட்டாலும் தியேட்டரின் பெயர் அகப்பட்டுவிடும். முதல் நாள் காட்சியில் ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் டார்ச் அடித்துக்கொண்டு ஊழியர் ஓடிவருவதற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்குள் இருக்கும் தம்பிப் பூட்டு

ஓ.டி.டி.யில் இதே ஏற்பாட்டின் சின்ன வடிவம் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அதன் பெயர் வைட்வைன். 2010இல் கூகுள் வாங்கியது. படம் பூட்டிய நிலையில் வரும், சாவி தனியாக வரும். ஃபோனின் சிப்புக்குள் பாதுகாப்பான தனி அறை இருந்து அங்கேயே பூட்டைத் திறந்தால் அது எல்1. வெறும் மென்பொருளில் திறந்தால் எல்3. எல்3 ஃபோனுக்குப் பல சேவைகள் மங்கலான எஸ்.டி. தரத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

புது ஃபோன், நல்ல திரை, வேகமான நெட் எல்லாம் இருந்தும் படம் மங்கலாக இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ‘கஸ்டம் ரோம்’ என்று வேறு இயங்குதளம் போட ஆசைப்பட்டு, பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டைத் திறந்தவர்களின் ஃபோன் எல்1லிருந்து எல்3க்கு இறங்கிவிடுவது வழக்கம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருவதும், பழைய மானிட்டரை எச்.டி.எம்.ஐ.யில் சொருகினால் படம் வராமல் அடம்பிடிப்பதும் இதே குடும்பத்து வேலைகள். டவுன்லோடு செய்துவைத்த படம் சில நாளில் ‘எக்ஸ்பயர்டு’ ஆவதும் அப்படியே. கோப்பு ஃபோனில்தான் கிடக்கிறது, சாவியின் கெடு முடிந்திருக்கிறது.

சாவி தொலைந்தால்?

இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. பழைய ரீல் ஒன்று பரணில் கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே உருவம் தெரியும். பூட்டிய டி.சி.பி. அப்படியில்லை. அந்த 16 பைட் எண்கள் இல்லாவிட்டால் 200 ஜிபியும் குப்பை. முதன்மைச் சாவி படத்தை மாஸ்டரிங் செய்த, அதாவது டி.சி.பி.யாகக் கட்டிக்கொடுத்த நிறுவனத்திடம் இருக்கும். பத்து வருடத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டு, அதன் சர்வர் பழைய இரும்புக்குப் போனால் என்ன செய்வது? 128 பிட் எண்ணை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். பெரிய நிறுவனங்கள் பூட்டாத மாஸ்டரைத் தனியே பத்திரப்படுத்தும். ஒரு படத்தோடு ஒதுங்கிப்போன சின்னத் தயாரிப்பாளர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பூட்டிய ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். உங்களுக்குத் தெரிந்த யாராவது இருந்தால் இன்றைக்கே மாஸ்டரிங் செய்த இடத்துக்கு ஃபோன் போட்டு, பூட்டாத பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற இலவச, திறமூல மென்பொருள் இருக்கிறது. சாதாரண லேப்டாப்பில் நிறுவி, எடிட் செய்த வீடியோவைக் கொடுத்தால் தியேட்டரில் போடும்படியான டி.சி.பி.யாக மாற்றிக் கொடுக்கும். பூட்டவும் சாவி தயாரிக்கவும் அதிலேயே வசதி உண்டு; ஆனால் குறும்படத்துக்கு அந்த டப்பாவை டிக் செய்யாமல் விட்டுவிடுவது நல்லது. விழா நடத்துபவர்களும் பூட்டாததைத்தான் விரும்புவார்கள். தியேட்டருக்குக் கொடுக்கும் டிஸ்க்கை ஈ.எக்ஸ்.டி.3 என்ற லினக்ஸ் வடிவத்தில் தயார் செய்வது வழக்கம். அதைத் திருப்பி வாங்கிவந்து வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகினால், ‘இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். ‘வேண்டாம்’ என்பதை அழுத்துங்கள்.